அத்தான் பொங்கல் சாப்பிடுகிறார், அவருடைய அண்ணன் ஏன் தொடமாட்டார்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருக்கிறார். சைவ வீடு. அக்கா இரண்டு வருடத்துக்கு முன் கல்லாற்று மெதடிஸ்த குடும்பத்துப் பையனைக் கலியாணம் முடித்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுத்த மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம். வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கேட்க, அத்தான் சிரித்துச் சமாளிக்கிறாராம். கேள்விகள் சுருக்கமாக இவை: கண்ணகி அம்மன் சடங்குப் பொங்கலை அத்தான் சாப்பிடுகிறார், புதுச் சபை ஒன்றுக்குப் போகும் அவருடைய அண்ணன் தொடக்கூட மாட்டேன் என்கிறார், எது சரி? வேதக்காரருக்குக் கடவுள் ஒன்றா, மூன்றா? மாதாவைக் கும்பிடுகிறவர்களும் கும்பிடாதவர்களும் ஒரே சமயமா? பைபிள் ஏன் இரண்டு விதமாக இருக்கிறது? இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேதம்தானே? ஞானஸ்நானம் எடுக்காத அம்மம்மா நரகத்துக்குப் போவாரா? கடவுள் நல்லவர் என்றால் சுனாமி ஏன், சீயோன் தேவாலயத்தில் குண்டு ஏன்? கடைசியாக, ஒன்றும் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு?

மகள், நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்தவன். மெதடிஸ்தன். மனைவி தாண்டவன்வெளிக் கத்தோலிக்கர். ஆகவே இதில் பாதிச் சண்டை எங்கள் குசினியிலேயே நடந்து முடிந்துவிட்டது.

முதலில் ஒன்று. "கிறிஸ்தவர்கள் இப்படித்தான் நம்புவார்கள்" என்று யாராவது சொன்னால், "எந்தச் சபை?" என்று உடனே கேளுங்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தன் சபையின் வழக்கத்தை எடுத்து முழு வேதத்தின் தலையிலும் கட்டிவிடுவார்கள். எல்லாருக்கும் பொதுவானது எது என்று பார்க்க விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. அத்தானுக்குப் பாடமாக இருக்கும், சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, அவருடைய ஒரே குமாரன் இயேசு, அவர் கன்னி மரியாளிடம் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது, நியாயந்தீர்க்கத் திரும்ப வருவது, பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, நித்திய ஜீவன். கத்தோலிக்கர் "விண்ணகம், மண்ணகம்" என்பார்கள், நாங்கள் "வானம், பூமி" என்போம். பொருள் ஒன்றுதான். அண்ணனுடைய சபையில் இதை ஞாயிறுதோறும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் இதில் உள்ள எதையும் அவரும் மறுக்கமாட்டார்.

அதற்குள் ஒரு ரோம ஆளுநரின் பெயர் ஏன் வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். பிலாத்து யூதேயாவை ஆண்டது ஏறத்தாழ கி.பி. 26 முதல் 36 வரை. இது "ஒரு ஊரிலே ஒரு ராசா" கதை அல்ல, இன்னாருடைய ஆட்சியில் நடந்தது என்று ஆணி அடித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். கிறிஸ்தவரல்லாத ரோம வரலாற்றாசிரியர் தாசித்துவும் இந்தத் தண்டனையைப் பிலாத்துவின் பெயரோடு குறித்திருக்கிறார்.

இப்போது கவனியுங்கள், அந்தப் பிரமாணத்தில் பொங்கல் இல்லை. பொட்டு இல்லை. சாராயம்கூட இல்லை. இவை பற்றிச் சண்டை பிடிக்கலாம். பிடித்து முடிந்த பிறகும் இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான்.

சரி, பொங்கல். இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் தொடங்கியதல்ல. கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டினத்தில், கி.பி. 50களில், இதே கேள்வியைத்தான் அந்தச் சபையைத் தொடங்கிய அப்போஸ்தலர் பவுலுக்கு எழுதிக் கேட்டார்கள். அந்தப் பட்டினத்தில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் வரும், விருந்துக்கும் வரும். புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் அதைச் சாப்பிடலாமா? கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை எடுத்து அத்தானும் அண்ணனும் சேர்ந்து வாசித்தால் நல்லது. பவுல் அங்கே ஒரே பதிலைச் சொல்லவில்லை. கடவுள் ஒருவரே, சிலை ஒன்றுமில்லை, உணவு நம்மைக் கடவுளிடம் கிட்டவும் கொண்டுபோகாது, எட்டவும் தள்ளாது என்று ஒரு பக்கம் சொல்கிறார். உன்னை விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடு, துருவிக் கேட்காதே என்கிறார். இது அத்தானின் கட்சி. அதே 10ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியிலும் இருந்துகொண்டு மற்றப் பந்தியிலும் பங்குபற்ற முடியாது என்கிறார். "இது படைத்தது" என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை எடுத்த முடிவும் படைத்ததை விலக்கச் சொல்கிறது. இது அண்ணனின் கட்சி. ஆக இரண்டு பேருக்கும் வசனம் இருக்கிறது.

ரோமருக்கு எழுதிய நிருபம் 14ஆம் அதிகாரத்தில் பவுல் இன்னொன்று சொல்வார்: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. என் அனுபவத்தில் சாப்பிடுகிறவர்கள் "இவன் பத்தியக்காரன்" என்று பகிடி பண்ணுவார்கள், சாப்பிடாதவர்கள் "இவன் பின்வாங்கிவிட்டான்" என்று செபம் பண்ணுவார்கள். இரண்டையும்தான் பவுல் தடுக்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதைப் பெண் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, பொங்கிய அம்மாவின் முகத்துக்கு நேரே "பேய்க்குப் படைத்தது" என்று சொன்னால் அது விசுவாசம் இல்லை, மரியாதை தெரியாத்தனம். கையைக் கூப்பி, "எனக்கு வேண்டாம், குறை நினைக்காதேயுங்கோ" என்றால் போதும். நீங்களும் அவருடைய தட்டில் கட்டாயப்படுத்தி வைக்காதீர்கள். ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுங்கள், குடித்துவிட்டுப் போவார்.

அடுத்தது, ஒன்றா மூன்றா. ஒன்று. இதில் எந்தச் சபைக்கும் தடுமாற்றம் இல்லை. யூதர்களின் அடிப்படை அறிக்கையே "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்பதுதான், இயேசுவும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தார். சிக்கல் எங்கே வந்ததென்றால், அப்படி ஒரே கடவுளில் ஊறிப்போன யூதர்களே இயேசுவோடு பழகி, அவருடைய மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் கண்ட பிறகு, அவரை நோக்கிச் செபம் பண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரே கடவுள் என்பதையும் விடமுடியவில்லை, இவரைக் கும்பிடுவதையும் விடமுடியவில்லை. அந்த இக்கட்டுக்குச் சொல் தேடி 300 வருடம் அலைந்தார்கள். 325இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடி, குமாரன் பிதாவினால் படைக்கப்பட்ட உயர்ந்த ஒரு சிருஷ்டி என்ற ஆரியுவின் போதனையைத் தள்ளி, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையுடையவர்கள் என்று முடிவு செய்தார்கள். திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை. இருந்தது அனுபவம், சொல் பிறகு வந்தது.

இதை விளக்க நான் பல வருடம் தண்ணீர்க் கதைதான் சொன்னேன். ஐஸ், தண்ணீர், ஆவி. மூன்று வடிவம், பொருள் ஒன்று. எல்லாப் பாட வாத்திமாரும் சொல்கிற கதை. ஒரு நாள் சாதாரண தர வகுப்பில் பின்வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பினாள். "சேர், இயேசு ஞானஸ்நானம் எடுக்கேக்க அவர் தண்ணிக்குள்ள நிக்கிறார், ஆவி புறாவா இறங்குது, பிதா மேல இருந்து பேசுறார். ஒரே நேரத்தில மூண்டும் இருக்கே, ஒரே தண்ணி எப்பிடி ஒரே நேரத்தில மூண்டா இருக்கும்?" எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவள் சொன்னதுதான் சரி. கடவுள் ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற கருத்தை மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்டது. நான் அதைத்தான் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உவமை சொல்வதை விட்டுவிட்டேன். அன்பு என்றால் ஆள் வேண்டும், தனியாக இருக்கிற ஒருவர் யாரை நேசிப்பார். கடவுள் உலகைப் படைக்கமுன்னரே தமக்குள் உறவாக இருந்தார் என்று மட்டும் சொல்வேன். முழுதாக விளங்குகிறதா என்றால், எனக்கே இல்லை.

"குமாரன்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. சிவனுக்கு முருகன் போல என்று உங்கள் வீட்டில் நினைப்பார்கள். கடவுளுக்கு மனைவி உண்டா என்று காத்தான்குடி முஸ்லிம் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. பிறப்பைச் சொல்வதல்ல அது, உறவைச் சொல்வது. ஒருவருடைய முகத்தில் மற்றவரைப் பார்க்கலாம் என்பதுதான் கருத்து.

மாதா விஷயம். என் மனைவி செப்டம்பரில் ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருவிழாவுக்கு வருடம் தவறமாட்டார். முன்பெல்லாம் நடந்தே போவார், இப்போது முழங்கால் விடுவதில்லை. நானும் கூடப் போவேன், ஆனால் நான் மெழுகுதிரி கொளுத்துவதில்லை. "கும்பிடுகிறார்கள்" என்ற சொல்லில்தான் குழப்பம். கடவுளுக்குரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்குக் கொடுக்கும் வணக்கம் வேறு என்று கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாகவே சொல்கிறது. "அருள் நிறைந்த மரியே" செபத்தின் கடைசி வரியைக் கேளுங்கள்: "பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." தாரும் என்று இல்லை, வேண்டிக்கொள்ளும் என்றுதான் இருக்கிறது. தாயிடம் போய், "அப்பாவிட்ட எனக்காகச் சொல்லுங்கோ" என்கிற மாதிரி. எங்கள் பக்கத்தில், கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் மத்தியஸ்தர் ஒருவரே, அவர் இயேசு. நேரே பேசக் கதவு திறந்திருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்போம். நிலைமை இதுதான். ஆனால் மாதாவுக்கு எதிராக நாங்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை. எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள் என்று அவர் பாடியது எங்கள் பைபிளிலும்தான் இருக்கிறது. ஆயித்தியமலையில் சனத்தைப் பார்த்தால் பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடு நிற்பார்கள். அவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கணக்கில்லை. அது பற்றி ஆயர்கள் கவலைப்படட்டும்.

பைபிள் கேள்வி சின்னது. புதிய ஏற்பாடு எல்லாருக்கும் 27 புத்தகம்தான். பழைய ஏற்பாட்டில் யூதர்களின் எபிரேயப் பட்டியலை மட்டும் நாங்கள் எடுத்தோம், 39. கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்த தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற ஏழையும் கத்தோலிக்கர் சேர்த்துக்கொண்டார்கள், 46. அதனால் 66, 73. நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கர் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தி இறந்தவர்களுக்காகச் செபிப்பதற்கு மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் ஆதாரம் காட்டுவார்கள். எங்கள் பைபிளில் அந்தப் புத்தகம் இல்லை, அதனால் வழக்கமும் இல்லை. சொற்கள் வேறுபடுவது மொழிபெயர்ப்பினால். நாங்கள் வாசிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ், கத்தோலிக்கர் வாசிப்பது 1995இல் வந்த திருவிவிலியம். இடையில் ஒரு செய்தி உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக இருந்து தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர். சைவத்தைக் காக்கப் பிறகு கிளம்பியவர் வேதப் புத்தகத்தை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வெள்ளைக்காரன் வேதமா? அம்மம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. மட்டக்களப்புப் புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கீசர் கோட்டை கட்டினார்கள், சிலுவையும் கூடவே வந்தது. 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கரை ஒடுக்கினார்கள். உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடு என்ற காலம் அது. அப்படி எடுத்தவர்களில் எத்தனை பேர் உள்ளத்தோடு எடுத்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் இந்த நாட்டில் கத்தோலிக்க விசுவாசம் அழியாமல் இருந்தது எந்த வெள்ளைக்காரனாலும் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் என்ற இந்தியக் குருவானவர் காடு மேடெல்லாம் நடந்து அதைக் காப்பாற்றினார். 2015இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதற்கெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்னரே, ஆறாம் நூற்றாண்டில், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் கொஸ்மாஸ் என்ற பயணி எழுதியிருக்கிறார். அனுராதபுரத்தில் 1912இல் ஒரு கற்சிலுவையும் கிடைத்தது. இயேசுவே ஆசியாக்காரர். சுவரில் மாட்டியிருக்கும் நீலக்கண் படம் ஐரோப்பிய ஓவியர்களின் கைவேலை.

எங்கள் மெதடிஸ்த கதை 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற இளைஞரோடு தொடங்குகிறது. கப்பலில் வரும்போதே மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஒரு வருடம்கூட முடியவில்லை, 1815இல் இங்கேயே இறந்துபோனார். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார். வாவிக்கரையில் சிலையாக நிற்பவர் அவர்தான். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடங்கள் மதம் மாற்றவும் பயன்பட்டன, எல்லாரையும் வளர்க்கவும் பயன்பட்டன. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் படித்தது புனித மிக்கேல் கல்லூரியில். அவரை யாரும் வேதக்காரராக்கிவிடவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுனாமிக்குப் பிறகு ஒரு கையில் அரிசிப் பையும் மறுகையில் துண்டுப் பிரசுரமுமாக முகாம்களுக்குப் போனவர்கள் இருந்தார்கள். எல்லாரும் அல்ல, ஆனால் இருந்தார்கள். பசித்தவனிடம் பேரம் பேசுவது சுவிசேஷம் அல்ல. உங்கள் அம்மம்மா அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார் என்றால் நான் எதிர்வாதம் பண்ணப் போவதில்லை.

அம்மம்மா நரகத்துக்குப் போவாரா என்ற கேள்விக்கு வருகிறேன். அண்ணன் சபை உட்படப் பல சபைகள், இயேசுவைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவருக்கே இரட்சிப்பு என்று நேராகச் சொல்லும். "நானே வழியும் சத்தியமும் ஜீவனும்" என்ற வசனத்தை எடுப்பார்கள். அந்த வசனம் இருக்கிறது, அதை நான் கிழித்தெறிய முடியாது. ஆனால் அதே இயேசு மத்தேயு 25இல் கடைசித் தீர்ப்பு எப்படி நடக்கும் என்று சொல்லும்போது, பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, நோயாளியைப் பார்க்கப் போனாயா என்றுதான் கேட்கிறார். வலது பக்கம் நிற்பவர்களே திகைத்துப்போய், "ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?" என்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் அவருக்குச் செய்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964இல், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் இருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்பவர்களும் மீட்படையலாம் என்று எழுதி வைத்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜோன் வெஸ்லி கடைசிக் காலத்தில் செய்த ஒரு பிரசங்கத்தில், வெளியே இருப்பவர்களை நரகத்துக்குத் தீர்க்க எனக்கும் அதிகாரம் இல்லை, எவருக்கும் இல்லை என்றார். இயேசு இல்லாமல் இரட்சிப்பு என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர் யாரையெல்லாம் தொடுவார் என்ற பட்டியல் எங்கள் கையில் இல்லை என்கிறார்கள்.

என் அம்மாவைப் பெற்றவர் சைவக்காரி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடாமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி என் வெள்ளைச் சேட்டை அழுத்தி, கோயிலுக்குப் பிந்தாமல் போ என்று தள்ளிவிட்டவரும் அவர்தான். அவர் செத்தபோது எனக்குப் பதினாறு வயது. எங்கள் சபையில் ஒருவர் வந்து, "ஐயோ, ஆத்துமா நட்டமாய்ப் போச்சே" என்றார். அந்த மனிதரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. எங்கள் அம்மம்மாவை விட நல்லவராக இல்லாத ஒரு கடவுளை நான் நம்பவில்லை, அவ்வளவுதான் சொல்லுவேன். இது வேதசாத்திரம் ஆகுமா என்று அண்ணன் கேட்டால், ஆகாது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சுனாமி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். காலை ஆராதனைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். நாவலடியும் கல்லடியும் டச்பார் கரையும் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழக்குக் கரையில் கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை எண்ணி முடியாத வீடுகள் போயின. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு செபக் கூட்டத்துக்குப் போனேன். பேச வந்தவர், இது பாவத்துக்கு வந்த தண்டனை, மனந்திரும்புங்கள் என்று கத்தினார். இரண்டு பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மா என் முன்வரிசையில் இருந்தார். எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அவருக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. கூட்டம் முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். இயேசு கேட்கிறார்: அவர்கள் மற்ற எல்லாரையும் விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும், இரண்டும் இல்லை என்றார். ஆகவே அது தண்டனை என்று யார் சொன்னாலும், எந்தச் சபையானாலும், அவர்கள் தங்கள் ஆண்டவரோடேயே முரண்படுகிறார்கள். இந்த ஒன்றில் நான் "எந்தச் சபை" என்று கேட்கமாட்டேன்.

குண்டு விஷயம் வேறு மாதிரி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் செத்த அந்த நாளில், இங்கே சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 30 பேர் போனார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள். அதை மனிதன் செய்தான். மனிதனுக்குக் கடவுள் சுயாதீனம் கொடுத்திருக்கிறார், அவன் அதைக் கொலைக்குப் பயன்படுத்தினான் என்று பதில் சொல்லலாம். பாதிக்குச் சரிவரும் பதில். வாசலில் சந்தேகப்பட்டு அவனை மறித்துத் தன் உயிரைக் கொடுத்தவரும் அதே சுயாதீனத்தோடுதான் நின்றார். ஆனால் சுனாமிக்கு அந்தப் பதில் செல்லாது. கடலை எந்த மனிதனும் தள்ளிவிடவில்லை. பூமியின் தட்டுகள் நகர்ந்தால்தான் மலையும் மண்ணும் உண்டாகும் என்பார்கள். அது விஞ்ஞானம், நாவலடித் தாய்க்கு அது பதில் ஆகாது.

யோபுவின் கதை உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. பிள்ளைகள் பத்துப் பேரையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் இருக்கிறார். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் இரவு பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் கூட இருக்கிறார்கள். அதுவரை எல்லாம் சரி. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ செய்திருப்பாய், அதுதான் இப்படி என்று முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் விவாதம் போகிறது. கடைசியில் கடவுள் வந்து, ஏன் என்று யோபுவுக்கு விளக்கவே இல்லை. ஆனால் அந்த நண்பர்களைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, திட்டித் தீர்த்த யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். கடவுளோடு சண்டை பிடிப்பது விசுவாசத்துக்கு வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறது. பைபிளில் உள்ள சங்கீதங்களில் எத்தனையோ பாட்டு முறைப்பாடுதான். சிலுவையில் இயேசுவே 22ஆம் சங்கீதத்தை எடுத்து, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அலறினார். அந்த "ஏன்" கேள்விக்கு அவருக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை. கடவுள் அந்த இடத்தில், கேள்வி கேட்கிறவனின் பக்கத்தில் நின்றார் என்று நாங்கள் நம்புகிறோம். அது ஏன் நடந்தது என்பதற்கு விளக்கம் அல்ல. என்னிடம் விளக்கம் இல்லை, மகள். யாராவது வைத்திருப்பதாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி இருங்கள்.

இனி ஞானஸ்நானம். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தர் எல்லாரும் குழந்தைக்குக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே, பப்டிஸ்ட் சபைகள், விசுவாசித்த பிறகே, அதுவும் முழுக்கி எடுத்துத்தான் கொடுப்பார்கள். அண்ணன் "இது செல்லாது" என்பது அதனால்தான். அவர்கள் ஞானஸ்நானத்தை மனிதன் கடவுளுக்குச் சொல்லும் பதிலாகப் பார்க்கிறார்கள், நாங்கள் கடவுள் முந்திக்கொண்டு கொடுக்கும் வாக்காகப் பார்க்கிறோம். பெயர் வைத்து, சோறூட்டி, காது குத்தி, உங்கள் வீட்டிலும் பிள்ளையைக் கேட்டா எல்லாம் செய்தீர்கள்? வளர்ந்த பிறகு திடப்படுத்தல் என்று ஒன்று உண்டு. அப்போது பிள்ளை தன் வாயால் ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லட்டும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பயப்படாமல் வரலாம். பொட்டோடு வரலாம், திருநீற்றோடும் வரலாம், யாரும் வாசலில் மறிக்கமாட்டார்கள். மற்றவர்கள் எழும்பும்போது எழும்புங்கள், பாட்டுத் தெரியாவிட்டால் சும்மா நில்லுங்கள். பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் போதகர் கேள்வி கேட்பார், பிறகு சபையாரும் எழும்பி நின்று இந்தப் பிள்ளையை வளர்க்க உதவுவோம் என்று வாக்குக் கொடுப்பார்கள். மூன்று தரம் தலையில் தண்ணீர், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில். குழந்தை அழும். அழாவிட்டால்தான் ஆட்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். அன்று திருவிருந்தும் இருந்தால் அப்பமும் ரசமும் எடுக்க முன்னுக்குப் போகவேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள், அதில் ஒரு அவமரியாதையும் இல்லை. அம்மம்மாவை முன்வாங்கில் இருத்துங்கள், அவருக்குத்தான் பார்க்க ஆசை அதிகமாக இருக்கும்.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுப்பார்கள். பட்டிஸ், கட்லட் எல்லாம் எங்கள் ஆட்கள் மீன் போட்டுத்தான் செய்வார்கள். அம்மம்மா சைவம் என்றால் அத்தானிடம் இப்பவே சொல்லி, அவருக்கு வேறாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.